அறுநூற்று நாற்பது பிடி வெங்காயம்

சென்ற வியாழக்கிழமை முற்பகல் தொலைபேசி அடித்தது. ஐந்தாவது மணியில் எடுத்தேன். நான்காவதில் எடுப்பதுதான் என் வழக்கம். கண்ணாடியைத் தேடியதில் ஒன்று பிந்திவிட்டது. ஒரு பெண்பிள்ளை. ஏதோ நிறுவனத்துக்காகச் சனங்களின் கருத்தைக் கேட்கிறாளாம்.

"மூண்டு கேள்விதான் ஐயா."

"அது இருக்கட்டும் பிள்ளை. ஊரிலை இத்தினை பேர் இருக்க என்னை என்னெண்டு தெரிஞ்செடுத்தியள்?"

"நாங்கள் எடுக்கிறேல்லை ஐயா. கொம்பியூட்டர் தன்ரை பாட்டிலை ஒரு நம்பரை எடுக்கும்."

மூன்று என்று சொல்லி ஏழு கேட்டாள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். வேறொரு நாளாக இருந்தால் அதற்காகவே சண்டை பிடித்திருப்பேன். அன்று பிடிக்கவில்லை. பேசி முடித்த பிறகும் தொலைபேசியின் மேல் கையை வைத்தபடி இருந்ததைக் கண்ட மனைவி, "என்ன, செத்தவீட்டுச் செய்தியோ? ஆரும் மோசம் போயிட்டினமோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். தன் பாட்டில் ஒரு எண்ணை எடுப்பது என்ற பேச்சோடு காய்ந்த வெங்காயச் சருகின் மணமும் வெயிலில் சுடுகிற தகரத்தின் மணமும் வந்து மூக்கில் ஏறியிருந்தன. தொலைபேசி எண்ணுக்கும் வெங்காயத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு எனக்கு இருபத்தொன்பது வயது. அதற்கு முன் ஒரு தொழிற்சாலையில் களஞ்சியக் காப்பாளனாக இருந்தேன். வருகிற மூட்டைகளையும் போகிற மூட்டைகளையும் எண்ணி எழுதுவது வேலை. சண்டை வந்து தொழிற்சாலை மூடப்பட்டபோது வேலை போயிற்று. எண்ணுகிற பழக்கம் போகவில்லை. வீட்டுக் கூரை ஓடுகளை எண்ணினேன். வேலிக் கதியால்களை எண்ணினேன். அப்படி இருக்கையில் ஒருநாள், யாழ்ப்பாணத்து அளவெட்டிக்குக் கிழக்கே இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் அதிபர் சைக்கிளில் வந்து படலையில் மணி அடித்தார்.

"தம்பி, நீர் எண்ணுறதிலை விண்ணன் எண்டு கேள்வி. எங்கடை கணக்கு மாஸ்டர் கடல்நீரேரியாலை வள்ளம் ஏறிக் கொழும்புக்குப் போட்டார். உயர்தரப் பிள்ளையளுக்குப் புள்ளிவிபரவியல் ஒரு எழுத்தும் தொடங்கேல்லை. சோதினைக்கு ஆறு மாசம்தான் கிடக்கு."

மூட்டை எண்ணுவதும் புள்ளிவிபரவியலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைத்து ஓம் என்றேன். என் வாழ்க்கையில் நான் விட்ட பெரிய பிழைகளில் அது மூன்றாவது.

வகுப்பில் இருபத்து மூன்று பேர். பெண்கள் பதினான்கு, ஆண்கள் ஒன்பது. புத்தகம் ஒன்று. அதிலும் கடைசிப் பக்கங்கள் இல்லை. எந்தக் கடையில் கச்சான் கடலை சுற்றப் போனதோ தெரியாது. முதல் நாள் கரும்பலகைக்கு முன்னால் நின்று நியம விலகல் என்றால் என்னவென்று நாற்பது நிமிடம் பேசினேன். வேர்த்துக் கொட்டியது. இரண்டாம் வாங்கு வரிசையில் இருந்த சுகந்தி என்ற பிள்ளை எழுந்தாள். மெலிந்த, நேரே பார்க்கிற பிள்ளை.

"சேர், ஒண்டு கேக்கலாமோ? உங்களுக்கும் விளங்கேல்லைத்தானே?"

பின் வாங்கிலிருந்து பாலன் என்பவன் மெல்லச் சொன்னான்: "விளங்கின ஆள் கொழும்புக்குப் போட்டுது. விளங்காத ஆள்தான் எங்களுக்கு மிச்சம்."

சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரேயொரு புத்திசாலித்தனமான காரியம் அதுதான். சிரித்து முடித்ததும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். முறைக்காரர் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொழுது படுவதற்குள் அந்தப் பக்கத்தைப் படித்து, மறுநாள் காலையில் கரும்பலகையில் எழுதி விளக்க வேண்டும். நான் இருபத்து நான்காவது ஆளாக வாங்கில் இருப்பேன். இருபத்து நான்கு பேருக்கும் விளங்கும்வரை அடுத்த பக்கம் புரட்டப்படாது. கடைசியாக விளங்குகிறவன் பெரும்பாலும் நானாகத்தான் இருந்தேன் என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

இப்படிப் படித்ததில் ஒரு அதிசயம் இருந்தது. அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது. ஒருமுறை, அளவுகளைக் கட்டம் கட்டமாக அடுக்கிப் பார்க்கச் சொல்லியது புத்தகம். தாள் தட்டுப்பாடான காலம். வரைபடத் தாளைக் கண்ணால் கண்டு இரண்டு வருடம். கீழ் வகுப்புகளுக்குப் போய் நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளின் சாணை அளந்தோம். ஒரு பிள்ளைக்கு ஒரு புளியங்கொட்டை என்று, சாணின் நீளப்படி வகுப்பறைச் சீமெந்துத் தரையில் வரிசை வரிசையாக வைத்துக்கொண்டு போனோம். முதல் முப்பது கொட்டை வரைக்கும் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தது. எழுபதைத் தாண்டியதும் நடு உயர்ந்தது. நூறுக்குப் பிறகு இரண்டு பக்கமும் அழகாகச் சரிந்த ஒரு மலை தரையில் கிடந்தது. பக்கத்து வளவில் யாரோ தவில் பழகிக்கொண்டிருந்தார்கள். அது ஓய்ந்த இடைவெளியில் ஒரு பிள்ளை தாழ்ந்த குரலில் கேட்டாள்: "இதை ஆர் சேர் இப்பிடி அடுக்கினது?"

ஒருவரும் அடுக்கவில்லை. நூற்றுப் பதினெட்டுக் கைகளும் தங்கள் தங்கள் பாட்டில் வளர்ந்தவை. அவற்றுக்குள் இப்படி ஒரு மலை ஒளிந்திருந்தது அந்தக் கைகளுக்கே தெரியாது. அன்று அந்தப் புளியங்கொட்டைகளை அள்ள ஒருவருக்கும் மனம் வரவில்லை. கோயிலில் நடப்பதுபோல அதைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போனார்கள்.

வைகாசி மாதம் அறுபத்தோராம் பக்கத்துக்கு வந்தோம். முழுவதையும் எண்ணாமல், அதில் கொஞ்சத்தை மட்டும் எடுத்துப் பார்த்து முழுவதைப் பற்றிச் சொல்லலாம் என்றது அந்தப் பக்கம். அந்தக் கொஞ்சத்துக்கு மாதிரி என்று பெயர். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எண்ணியே வாழ்ந்த எனக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. சுகந்தி அதைத் தன் தகப்பனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் பெயர் சின்னத்துரை. ஐம்பது வயதிருக்கும், தோட்டக்காரர்.

"அப்பிடியெண்டால் உங்கடை சேரைக் கேட்டுப் பாரன், என்ரை கொட்டிலிலை எத்தினை பிடி உருப்படியாக் கிடக்கெண்டு" என்றாராம்.

அவர் கேட்டது பகிடிக்கில்லை. மாசியில் கிண்டிய சின்ன வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டி, விதைக்கென்று கொட்டிலில் தொங்கவிட்டிருந்தார். பாதை மூடிக் கிடந்ததால் வெளியிலிருந்து விதை வராது. ஊரில் மண்ணெண்ணெயும் இல்லை. எண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஓடாது. பக்கத்துத் தோட்டக்காரர் மாணிக்கத்திடம் எண்ணெய் இருந்தது, விதை இல்லை. இரண்டு பேருக்கும் பேச்சு என்னவென்றால், சின்னத்துரை விதை கொடுப்பார், மாணிக்கம் எண்ணெய் கொடுப்பார். சின்னத்துரையின் கணக்கில் நூற்று அறுபது பிடி ஒரு பரப்பு நிலத்துக்குக் காணும். கொட்டிலில் இருந்தது அறுநூற்று நாற்பது பிடி. எல்லாம் நல்லதென்றால் நாலு பரப்புக்கு விதை. மாணிக்கத்துக்கு இரண்டு, தனக்கு இரண்டு. பாதி அழுகியிருந்தால், இரண்டு பரப்பு விதையையும் மாணிக்கத்துக்குக் கொடுத்துவிட்டுத் தன் தரையை அந்தப் போகம் வெறுமையாக விட வேண்டும். அந்த வீட்டில் ஆறு பேர். அந்த வெங்காயம்தான் அவர்களின் வருடம்.

அவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். விதை வெங்காயப் பிடியை நடுகிற அன்று, நல்ல நாள் பார்த்துத்தான் அவிழ்ப்பார்கள். முன்னதாகக் கை வைக்கக் கூடாது. சின்னத்துரை தலையைச் சொறிந்து சொறிந்து கடைசியில், "முப்பது. அதுக்கு மேலை ஒரு பிடி தொடப்படாது" என்றார்.

மறுநாள் பின்னேரம் எல்லோரும் போனோம். கொட்டிலில் நாலு தட்டு. தட்டுக்கு நாலு தடி. தடிக்கு நாற்பது பிடி. கீழ்த்தட்டு கைக்கு எட்டியது. பிள்ளைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்து, மிகக் கவனமாக, ஒரு பக்கம் சாயாமல் முப்பது பிடி எடுத்தார்கள். அவிழ்த்தோம். பாதிக்கு மேல் அழுகியிருந்தால் அந்தப் பிடி பழுது என்று வைத்துக்கொண்டோம். இருபத்தேழு நல்லது. மூன்றுதான் பழுது.

"பத்திலை ஒன்பது நல்லது அண்ணை" என்றேன். என் குரலில் இருந்த மிடுக்கை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

சின்னத்துரை அன்று பொழுது படமுதல் மாணிக்கத்திடம் போய் இரண்டு பரப்பு விதை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் அறுபத்திரண்டாம் பக்கம். சுகந்தியின் முறை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தவள் ஒரு வரியின் நடுவில் நின்றுவிட்டாள். வெண்கட்டி பலகையில் ஊன்றியபடி நின்றது. முழுவதிலும் உள்ள ஒவ்வொன்றுக்கும் மாதிரியில் சேர ஒரேயளவு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது அந்த வரி.

"சேர்," என்று திரும்பினாள். "மேல்தட்டிலை நாங்கள் ஒண்டும் எடுக்கேல்லை."

"கீழை நல்லாயிருந்தால் மேலையும் நல்லாத்தானே இருக்கும்?" என்றான் பாலன்.

"போன வருஷம் வரைக்கும் அது ஓலைக் கொட்டில். மாரிக் காத்துக்கு ஓலை போட்டுது. இப்ப தகரமடா."

சித்திரை வெயில். தகரக் கூரை. அதன் கீழ் ஒரு முழ இடைவெளியில் மேல்தட்டு. சின்னத்துரைக்கே அது முதல் வருடம் என்பதால் அவருக்கும் தெரிய வழியில்லை. ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று படித்தவர்கள் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்கள்.

மத்தியானமே போனேன். சுகந்தியும் பாலனும் கூட வந்தார்கள். சின்னத்துரை தரை கொத்திக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னதும் மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினார். அதுவரை என்னை மாஸ்டர் என்று அழைத்தவர்.

"தம்பி, நீர் விளையாடுறீரோ? முப்பது எண்டனான், முப்பது அவிட்டாச்சு. மாணிக்கத்துக்கு வாக்குக் குடுத்தாச்சு. இப்ப வந்து அது கணக்கில்லையெண்டால் நான் எந்த முகத்தோடை போறது?"

"பிழை என்னிலைதான் அண்ணை."

"உம்மடை பிழையைக் கறி வைச்சுத் தின்னேலுமோ?"

சுகந்திதான் சொன்னாள். "அப்பா, இன்னொரு முப்பது தாங்கோ. இந்தமுறை நாங்கள் எடுக்க மாட்டம்."

"பிறகு ஆர் எடுக்கிறது?"

"ஒருத்தரும் எடுக்க மாட்டினம். நம்பர் எடுக்கும்."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டில் பக்கம் நடந்தார். அதுதான் சம்மதம்.

எண்கள் எங்கே எடுப்பது? அதற்கான அட்டவணை புத்தகத்தின் கடைசியில் இருப்பதாக அறுபத்திரண்டாம் பக்கம் சொன்னது. அந்தப் பக்கங்கள்தான் கச்சான் சுற்றப் போய்விட்டனவே. பாலனுக்குத்தான் யோசனை வந்தது. அதிபரின் மேசைக்கு ஒரு கால் கட்டை. அதன் கீழ் பழைய தொலைபேசி விபரக்கொத்து ஒன்று முட்டுக்கொடுத்துக் கிடந்தது. ஊரில் தொலைபேசிகள் வாய் மூடி இரண்டு வருடமாகியிருந்ததால் அந்தப் புத்தகத்துக்கு வேறு வேலை இல்லை. அதிபர் மேசையைத் தூக்கிப் பிடிக்க, நான் உருவி எடுத்தேன்.

பிடிகளுக்கு ஒன்று முதல் அறுநூற்று நாற்பது வரை இலக்கம் வைத்தோம். சுகந்தி கண்ணை மூடி ஒரு பக்கத்தை விரித்து, விரலை மேலிருந்து கீழே கொண்டுவந்தாள். ஒவ்வொரு தொலைபேசி எண்ணிலும் கடைசி மூன்று இலக்கம். அறுநூற்று நாற்பதுக்கு மேல் வந்தால் தள்ளிவிடுவது. அவள் வாசிக்க, பாலன் எழுதினான்.

"முந்நூற்றுப் பதினேழு. நாற்பத்திரண்டு. ஐந்நூற்று எண்பது."

பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள், சட்டென்று சொன்னாள்: "நில்லடி. உது எங்கடை பெரியப்பா வீடு."

சுகந்தியின் விரல் நின்றது.

"அந்த வீடு இப்ப இல்லை" என்றாள் அந்தப் பிள்ளை.

பாலன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, பகிடி ஏதும் இல்லாமல், "வீடு இல்லாட்டியும் நம்பர் வேலை செய்யுது. எழுதுவம்" என்றான். எழுதினான்.

முப்பது எண்களில் இரண்டு ஏற்கெனவே அவிழ்த்த பிடிகளில் விழுந்தன. மிச்சம் இருபத்தெட்டு. ஏணி வைத்து மேல்தட்டுக்கு ஏறிய பாலன், "ஐயா, இஞ்சை அடுப்பு மாதிரிக் கிடக்கு" என்று கத்தினான். மேலிருந்து வந்த பிடிகளின் சருகு நல்ல நிறம். உள்ளே விரல் வைத்தால் கூழ். சின்னத்துரை ஒவ்வொன்றையும் வாங்கி மணந்து பார்த்து இரண்டு பக்கமாக வைத்தார். முடிவில் நல்லது பத்தொன்பது, பழுது பதினொன்று.

அன்று முதல்முறையாக ஒப்பந்தத்தை மீறி ஒரே நாளில் நாலு பக்கம் புரட்டினோம். மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு தரையில் இருந்து கணக்குப் போட்டோம். மதிப்பீடு நானூற்றைந்து பிடி. ஆனால் அந்த எண்ணோடு புத்தகம் நிற்கவில்லை. நமக்கு எவ்வளவு தெரியாது என்பதையும் கணக்குப் போட்டுச் சொல் என்றது. இருநூற்றுத் தொண்ணூற்று மூன்றுக்கும் ஐந்நூற்றுப் பதினெட்டுக்கும் இடையில். நண்பரே, தெரியாததையும் அளக்கலாம் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

வாக்கை மாற்ற மாணிக்கத்திடம் சின்னத்துரையோடு நானும் போனேன். பிழை விட்டவன் நான்தான் என்று நானே சொன்னேன். மாணிக்கம் வெற்றிலையை மென்றபடி முழுவதையும் கேட்டார்.

"அப்ப எவ்வளவுதான் விதை தேறும்?"

"நானூற்றைந்து பிடி மட்டிலை. ஆனால் இருநூற்றுத் தொண்ணூற்று மூண்டுக்கும் ஐந்நூற்றுப் பதினெட்டுக்கும் இடையிலை எங்கையும் இருக்கலாம்."

அவர் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "நல்லது மாஸ்டர். அப்ப நானும் எண்ணெய் எட்டுப் போத்தலுக்கும் இருபது போத்தலுக்கும் இடையிலை தாறன்."

சின்னத்துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாக்கை மாற்ற வந்த மனுசனின் முகத்தில் சிரிப்பைக் கண்டதும் மாணிக்கமும் இளகிவிட்டார். ஒரு பரப்பு விதை மாணிக்கத்துக்கு, ஒன்றரை சின்னத்துரைக்கு, எண்ணெய் அதற்குத் தக்கதாக. கொட்டில் அவிழ்க்கிற அன்று தானும் வந்து எண்ணுவேன் என்றார்.

அந்த நல்ல நாள் ஒரு வெள்ளிக்கிழமை. விடிந்ததும் இருபத்து மூன்று பேரும் வந்திருந்தார்கள். கீழ்த்தட்டு: நல்லது நூற்று நாற்பத்தெட்டு. இரண்டாம் தட்டு: நூற்று முப்பத்தைந்து. மூன்றாம் தட்டுக்கு வந்தபோது பேச்சுக் குறைந்தது: எண்பத்தைந்து. மேல்தட்டு நூற்று அறுபதில் முப்பது. சுகந்தி சுவரில் கரிக்கட்டியால் கூட்டினாள். முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

நாங்கள் சொன்னது நானூற்றைந்து. வித்தியாசம் ஏழு பிடி.

ஒருவரும் கை தட்டவில்லை. மாணிக்கம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டியதைக் கண்டேன்; கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் செய்வது அது. அவர் அதைத் தெரிந்து செய்தாரா என்று எனக்குத் தெரியாது. பேசாத தொலைபேசிகளின் முப்பது எண்கள், இல்லாத வீடுகளின் எண்கள், அறுநூற்று நாற்பது பிடிக்குள்ளும் ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல் இருந்ததை அறிந்திருக்கின்றன. இத்தனை வருடம் ஒன்றுவிடாமல் எண்ணி எண்ணி நான் அறிந்தது அதில் பாதியும் இல்லை. இரண்டு பரப்பு என்ற பழைய வாக்கு நின்றிருந்தால் சின்னத்துரைக்கு அரைப் பரப்பு விதை மிஞ்சியிருக்கும். அவர் அந்த முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "பிள்ளை, அந்தக் கூட்டலை அழிச்சுப் போடாதை" என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

ஆவணியில் அந்த ஒன்றரைப் பரப்பும் விளைந்தது. ஆளுக்கு ஒரு பிடி என்று வகுப்புக்கு இருபத்து நான்கு பிடி வெங்காயம் வந்தது. யன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டோம். சோதனை எழுதிப் போகும்போது அவரவர் தங்கள் தங்கள் பிடியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி வர, ஊர் முழுவதும் ஒரே நாளில் எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மாதக் கணக்கில் கழித்துத் திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கூரை இல்லை. புத்தகமும் இல்லை, விபரக்கொத்தும் இல்லை, வரவு இடாப்பும் இல்லை. கொட்டிலைச் சுவரோடு காணவில்லை. சின்னத்துரை அண்ணை திரும்பி வரவேயில்லை. கிளிநொச்சியில் காய்ச்சலில் போய்விட்டார் என்று மாணிக்கம் சொன்னார். சில வருடத்தில் அவரும் போய்விட்டார். அந்தத் தோட்டத் தரையில் இப்போது மதில் கட்டிய மாடி வீடு நிற்கிறது. கேற்றில் பதினெட்டுக் கம்பி.

வகுப்பில் பதினொரு பேர் இன்னும் என்னோடு பேசுகிறார்கள். கனடாவில் நாலு, லண்டனில் மூன்று, இங்கே நாலு. பாலன் மாதம் தவறாமல் எடுப்பான். பதினொரு பேரும் நன்றாக இருக்கிறார்கள். வீடு, பிள்ளைகள், ஒன்றிரண்டு பேருக்குப் பேரப்பிள்ளைகள். "உங்கடை வகுப்புப் பிள்ளையள் எல்லாரும் நல்லாத்தானே இருக்கினம், பிறகென்ன யோசினை?" என்பாள் மனைவி. நான் ஓம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. பேசுகிறவர்கள் என் கைக்கு எட்டுகிற கீழ்த்தட்டு. சுகந்தியோடு சேர்த்து எட்டாதவர்கள் பன்னிரண்டு பேர்.